மெதுவாகாத ஒருத்தி

"செத்துப் பத்து நாளான அக்காவை நேத்து முப்பத்தேழு ஷாட் எடுத்தேன் மாப்ளே. ஒண்ணுல கூட ஃபோகஸ் போகல!"

கேமராக்காரர் சொன்னதைக் கேட்டு எடிட்டர் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அவர் மனைவிக்குத் தம்பி. கொசு கொட்டாவி விட்டதைக் கூடப் படம்பிடித்ததாகச் சாதித்த வாய் அது என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் அக்கா பாடிய இசைக்குழு விஷயத்தில் அவருக்குப் புளுக வராது. இருபது வருஷப் பைத்தியம். "என் பிறந்தநாள் மறந்துபோகும், அவங்க டிரம்ஸ் எங்க தடுமாறுதுன்னு மட்டும் நல்லா தெரியும்" என்று மனைவி குத்துவாள். குழுவின் பதினோரு பாட்டையும் படமாக்கியது அவரே.

பாடகியை எல்லாரும் அக்கா என்பார்கள். பன்னிரண்டாவது பாட்டைப் பாடிக் கொடுத்த கையோடு அவள் படுக்கையில் விழுந்தாள். தலைவனான கிடார்காரன் அதே பாட்டுக்கு வாயசைக்க ஒரு புதுப்பெண்ணைப் பிடித்துவந்தான்.

அக்கா கேமராக்காரரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"என் பாட்டுல என் மூஞ்சி இருக்கணும் தம்பி. ஒரே ஒரு ஷாட்."

"பாக்கலாம்க்கா."

பார்க்கவில்லை. கிடார்காரனை எதிர்த்தால் குழு கைவிட்டுப் போய்விடுமே! மறுவாரம் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

நேற்று மதியம், மூடிக்கிடந்த நீச்சல்குளம் ஒன்றில் படப்பிடிப்பு. தண்ணீர் வற்றிய குளத்துக்குள் குழு நின்றது. ஓடுகளில் பாசி வாடை. கூரைக் கண்ணாடி வழியே வெயில் அழுக்காக இறங்கியது.

பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, அதற்கு வாயசைக்கச் சொல்லி, பிறகு படத்தைப் பாதி வேகத்துக்கு மெதுவாக்குவது அவர் வழக்கம். உதடு பாட்டோடு பொருந்தும். கூந்தல் புகைபோல மிதக்கும். அந்த வேகத்தில் அக்காவின் குரல் சுண்டெலிக் கீச்சாக ஒலித்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

கீச்சுக்கு அடியில் இன்னொரு குரல்.

நிதானமாக.

ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னார். கீச்சு நின்றது.

குரல் நிற்கவில்லை.

"உங்களுக்குக் கேக்குதா?" என்று கிசுகிசுத்தார்.

"என்னது?" என்றான் கிடார்காரன்.

கேமராவுக்குள் கண்ணை வைத்தார். குளத்தின் படிக்கட்டில், புதுப்பெண்ணுக்குப் பின்னால், அக்கா. கண்ணை எடுத்தால் வெறும் படி. அவருக்குப் பயம் வரவில்லை, கர்வம் வந்தது. கேட்டது ஒரு ஷாட், கொடுப்பது முப்பத்தேழு!

"வாங்க, நீங்களே பாருங்க" என்று இன்று எடிட்டிங் அறையில் எடிட்டர் படத்தை மெதுவாக்கினான்.

புதுப்பெண்ணின் கூந்தல் மிதந்தது. தூசி மிதந்தது. படியில் நின்றவளின் கூந்தல் மிதக்கவில்லை. உலகமே மெதுவாகிவிட்டது, அவள் மெதுவாகவில்லை. சாதாரணமாகக் கண் சிமிட்டினாள், பாட்டோடு அச்சாகப் பொருந்திப் பாடினாள்.

ஷாட்டுக்கு ஷாட் ஒரு படி இறங்கியிருந்தாள்.

"யாரோ... வேடிக்கை பாக்க வந்த பொம்பள மாமா." எடிட்டரின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

கிடார்காரனுக்குப் படத்தை அனுப்பினார்கள். போனில் பதில் வந்தது. "யாரா இருந்தா என்ன? அழிச்சிடுங்க. இல்லன்னா வேற கேமராமேனைப் பாத்துக்கறேன்."

ஒரு சொல் எதிர்த்துச் சொல்லியிருக்கலாம்.

"அழிச்சிடு மாப்ளே."

வீட்டுக்கு நடக்கையில் வழக்கம்போல முணுமுணுக்கப் பார்த்தார். மனப்பாடமான மெட்டு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

சாயங்காலம் எடிட்டர் போன் செய்தான்.

"முப்பத்தேழுலயும் அழிச்சிட்டேன் மாமா."

"சரி."

"இப்ப பாட்டுல குரல் இல்ல. கிடார் இருக்கு, டிரம்ஸ் இருக்கு, அவங்க இல்ல. பழைய பாட்டு பதினொண்ணுலயும் இல்ல. அந்தப் பொண்ணு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுது."

அவர் போனைக் காதோடு அழுத்தினார். அவனுக்குப் பின்னால் யாரோ பாடுவது கேட்டது.

"பாட்டு போட்டிருக்கியா?"

"எல்லாத்தையும் அணைச்சுட்டேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க சொன்னது அத்தனையும் நடந்ததுதான். ஒத்துக்கறேன். திரும்பிப் பாக்க மட்டும் சொல்லாதீங்க மாமா."