இரண்டாவது சிக்னல்

"ஒரு பையைத்தானே புதைச்சீங்க, வெல்கோ அண்ணே?"

"ஒண்ணுதான். ஏன், எண்ணக்கூட மறந்துபோச்சா?"

"இதுல ரெண்டு காட்டுதே."

ராய்னா தன் கருவியை நீட்டினாள். பனிச்சரிவில் புதைபவர்களைத் தேட, மலைக்குப் போகும் ஒவ்வொருவரும் நெஞ்சோடு கட்டிக்கொள்வது. அனுப்பும் நிலையில் அது துடிக்கும். தேடும் நிலையில் மற்றவர் துடிப்பைக் கேட்டு, எத்தனை மீட்டர் தூரம் என்று திரையில் காட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாது. பயிற்சிக்காகப் பனியில் புதைத்த பைக்குள்ளும் அப்படி ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

திரையைப் பார்த்ததும் பயிற்சியாளர் வெல்கோவின் சிரிப்பு நின்றது. "நாலு வருஷம் முன்னாடி ஒரு பையன் இங்க மாட்டிக்கிட்டான். இருட்டிடுச்சுன்னு தேடறதை விட்டுட்டோம். ஜூன்ல பனி உருகினப்ப உடம்பு கிடைச்சுது, கருவி கிடைக்கல. ஆனா எந்த பேட்டரியும் ஒரு மாசத்துக்கு மேல தாங்காது. பழுதா இருக்கும். கிளம்புங்க."

"அக்கா கை பட்டா எதுதான் பழுதாகாது?" என்றான் தம்பி கலோயன்.

பையைத் தோண்டி எடுத்து அதிலிருந்த கருவியை அணைத்தார்கள். கிளம்புமுன் மூவரும் தங்கள் கருவியை அனுப்பும் நிலைக்கு மாற்றினார்கள். வெல்கோ ஒவ்வொன்றையும் சோதித்தார். சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். ராய்னா கடைசி. அந்த இரண்டாவது எண் அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பாதி வழியில் கருவியை எடுத்து, ஒரு நிமிடத்துக்கென்று, மறுபடி தேடும் நிலைக்கு மாற்றினாள்.

காலடியில் 'தொம்' என்று பனி உட்கார்ந்தது.

பிறகு சரிவு முழுவதும் நகர்ந்தது. வானம் புரண்டது, வாயில் பனி நிறைந்தது, எங்கோ உருண்டு நின்றபோது சுற்றிலும் பனி சிமெண்டாக இறுகியிருந்தது. விலா விரிய இடமில்லை. வலது கை முகத்தருகே மடங்கிக் கிடந்தது. அதில் கருவி, அதன் மங்கிய சிவப்பு வெளிச்சம், ஈரக் கம்பளி நாற்றம், அவளுடைய மூச்சே திரும்பி வந்து கன்னத்தில் பட்டது.

மேலே பேசுவது கீழே கேட்கும், கீழே கத்துவது மேலே எட்டாது என்று காலையில்தான் வெல்கோ சொல்லியிருந்தார்.

"அண்ணே, ஒண்ணுமே காட்டலயே! அக்காவோடத நீங்கதானே சோதிச்சீங்க?"

"சோதிச்சேன்டா! தேடு, கால் மணிதான் இருக்கு!"

ராய்னா கத்தினாள். சத்தம் பற்களுக்குள்ளேயே நின்றது. பொத்தானுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு நெல்மணி தூரம். அதை அழுத்தி அனுப்பும் நிலைக்கு மாற்றினால் போதும். விரல் அசையவில்லை.

பீப்.

மேலே இருவரும் தேடுகிறார்கள். யாரும் அனுப்பவில்லை.

திரையில் பன்னிரண்டு.

பீப். ஒன்பது.

தம்பியின் காலடி தலைக்கு மேல் வந்தது. கடந்தது. தேய்ந்தது. எண் மட்டும் குறைந்தது.

ஐந்து.

அவள் காலுக்குக் கீழே பனி மெல்ல நெரிந்தது.

இரண்டு.

விரல் அசைந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பொத்தானின் விளிம்பு தட்டுப்பட்டது.

அந்த விரலின் மேல் இன்னொரு விரல் வந்து படிந்தது. பனியைவிடக் குளிர்ச்சியாக. காதருகே, மூச்சே இல்லாத குரல்.

"மாத்தாதீங்கக்கா. நீங்களாவது என்கூட இருங்களேன்."