த்வாண்டே படகின் இடப்பக்கம்

"என் அண்ணன் பொணம் எனக்கு வேணும். கண்டுபிடிச்சுக் குடுங்க."

உட்காரச் சொல்லும் முன்பே செலின் கேட்டுவிட்டாள். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்காதே என்று அவள் அம்மா சூசையம்மாள் தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தாள். ஆற்றோடு போனது போனதுதான். போலீசு அது இது என்று கிளறினால் வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கும் சேர்த்து வினை வரும் என்று.

ஊ ரெங்கசாமி தேநீரைச் சாசரில் ஊற்றி ஆற்றினார். ரங்கூன் துறைமுகப் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர்; பர்மியர் முறைப்படி மரியாதைக்கு 'ஊ' சேர்த்துத்தான் எல்லோரும் அவரை அழைப்பார்கள். லான்மடா பேட்டையில் தமிழர் வீட்டில் எது காணாமல் போனாலும் அவருடைய மாடிப்படியைத்தான் ஏறுவார்கள். பக்கத்தில் சாதிக் பாட்சா உட்கார்ந்திருந்தார். போன வருஷம் அவருடைய ஜவுளிக்கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு 'மக்கள் கடை' என்று பலகை மாட்டியதிலிருந்து, நண்பரின் வழக்குகள்தான் அவருக்கு வியாபாரம்.

"அண்ணன் பேரு?"

"பால். போன வாரம் த்வாண்டே ஊருக்குப் போற படகுல இருந்து தண்ணியில விழுந்துட்டான்னு சொல்றாங்க. மெட்ராஸ் கப்பல்ல எனக்கும் அம்மாவுக்கும் இடம் கெடைச்சிருக்கு. அவனைப் புதைக்காம நான் ஏறமாட்டேன். எலும்பு கெடைச்சாலும் போதும்."

அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வேலைக்காக எந்த அலுவலகத்தில் ஏறினாலும் படிப்பைக் கேட்பதற்கு முன் குடியுரிமையைக் கேட்டார்கள். இல்லையென்றதும் கதவைக் காட்டினார்கள்.

"யார் பார்த்தது?"

"அவன் சிநேகிதன் ராஜரத்தினம். ரெண்டு பேரும் மத்தியானப் படகுல போனாங்களாம். இடப்பக்கக் கம்பியில சாஞ்சு தண்ணியைப் பார்த்துட்டிருந்தவன் தலைசுத்தி விழுந்துட்டானாம். ராத்திரி பூரா தேடிட்டு, மறுநாள்தான் வந்து சொன்னாரு. படகுல கெடந்துச்சுன்னு இதைக் குடுத்தாரு." அவள் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். வெல்வெட் வார் வைத்த ஆண் செருப்பு. அடியில் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது.

"இப்படியேதான் குடுத்தாரா?"

"ஆமா. அன்னைக்குக் காலையில நான்தான் இதைத் தேய்ச்சுக் கழுவி வெயில்ல வெச்சேன். அந்த தொரைக்கு அதுக்குக்கூட ஆள் வேணும்."

ரெங்கசாமி செருப்பைத் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தார். "அம்மா எப்படி இருக்காங்க?"

"கல்லு மாதிரி. விடிஞ்சா கோயிலுக்கு ஓடுறவ. ஆனா அண்ணனுக்கு இறந்தோர் பூசை வைக்கல. சாமியாரே கேட்டாரு, அப்புறம் பாக்கலாம்னுட்டா. பிரயாணம் நல்லா அமையணும்னு மட்டும் ஒரு பூசைக்குச் சொல்லியிருக்கா. மகனைவிடக் கப்பல் பெருசாப் போச்சு."

"வாம்மா," என்று ரெங்கசாமி எழுந்தார். "மத்தியானப் படகைப் பிடிப்போம்."

பனிக்காலத்து வெயில் சாய்வாக அடித்தது. படகு கரையை விட்டு மேற்கே திரும்பியதும் பணியாள் ஒருவன் இடப்பக்கம் நெடுகத் தார்ப்பாயை இறக்கிக் கம்பியோடு கயிறு கோத்து இறுக்கினான். செலின் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். நிழலுக்காக முண்டியடித்த பெண்கள் தங்கள் கூடைகளோடு வந்து அவளை ஓரமாக நெருக்கினார்கள். அவள் தார்ப்பாயின் விளிம்பை இழுத்துப் பார்த்தாள். கைகூட நுழையவில்லை.

சாதிக் பாட்சா பணியாளிடம் பர்மிய மொழியில் விசாரித்துவிட்டு மூச்சு வாங்க வந்தார். "மழைக்காலம் முடிஞ்சதுல இருந்து தெனம் இப்படித்தானாம் ஊ. மேக்க போற மத்தியானப் படகுல எடது பக்கம் வெயில் கொல்லுமாம். பாயைத் தூக்குனா பொம்பளைங்க இவனைத் தண்ணியில தள்ளிடுவாங்களாம்!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்ப ராஜரத்தினம் புளுகுறான். கொலைதான் ஊ!"

"பாய், கொஞ்சம் தேநீர் குடிங்க," என்றார் ரெங்கசாமி.

த்வாண்டே துறையில் பானைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கரையெல்லாம் செம்மண் சேறு. இறங்கியவர்களின் செருப்புகளில் அப்பிக்கொண்டது. செலின் எழுந்தாள்.

"இறங்க வேண்டாம்மா."

"ஏன்?"

"நாளைக்கு உங்க வீட்ல சொல்றேன். ராஜரத்தினத்தையும் வரச் சொல்லு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படகு திரும்பும்வரை பானைகளுக்கு நடுவே நடமாடிய முதுகுகளை வெறித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் செலின் வீட்டுச் சிறிய அறையில் பாதியைக் கட்டி வைத்த பெட்டிகள் அடைத்திருந்தன. சூசையம்மாள் கட்டிலில். ராஜரத்தினம் நிலைப்படி ஓரமாக, ஓடத் தயாராய் நிற்பவனைப் போல. சாதிக் பாட்சா அந்த நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி," என்றார் ரெங்கசாமி, "மத்தியானப் படகுல இடப்பக்கம் ஆள் விழ வழியில்ல. தார்ப்பாய் கட்டியிருப்பாங்க. ஆனா காலையில கிழக்கே திரும்பி வர்ற படகுல வெயில் வலப்பக்கம். இடப்பக்கம் தெறந்து கெடக்கும். மறுநாள் காலையில அங்க உக்காந்து, தண்ணியைப் பாத்துக்கிட்டே இந்தக் கதையை ஜோடிச்சிருக்கே. கண்ணுக்கு முன்னால இருந்த கம்பியைக் கதையில வெச்சுட்டே. போகும்போது அது மூடியிருந்தது உனக்கு மறந்துபோச்சு."

ராஜரத்தினம் நிலைப்படிப் பக்கம் பார்த்தான்.

"செருப்பு காலையிலதான் கழுவினது. இந்த மாசத்துல ரங்கூன் தெருவுல ஏது சேறு? வழியில விழுந்தவன் செருப்புல த்வாண்டே துறை மண்ணு எப்படி வந்துச்சு? பால் அங்க எறங்கி நடந்திருக்கான்."

"எறங்கினதும் தீர்த்துக் கட்டிட்டான்!" என்று பாட்சா ஓரடி முன்னால் வந்தார்.

"ஐயோ பாய், நான் கோழிகூட அறுத்ததில்ல!" ராஜரத்தினம் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அவனை விடுங்க பாய். கொலைன்னு நானும் ஒரு நிமிஷம் நெனச்சேன். ஆனா சாவுப் பூசை வைக்காதது இடிச்சுது." ரெங்கசாமி கட்டில் பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கியது. "அக்கா, தெரு முழுக்கப் பொய் சொன்னீங்க. பெத்த மகள்கிட்டயும் சொன்னீங்க. பீடத்துக்கு முன்னால மட்டும் சொல்ல வாய் வரல."

சூசையம்மாளின் முகம் அப்படியே உடைந்தது. "உசுரோட இருக்கிற புள்ளைக்கு எப்படிங்க சாவுப் பூசை கேப்பேன்?"

செலின் அம்மா பக்கம் திரும்பினாள். "எங்க இருக்கான்?"

"பானைக்காரர் வீட்டுப் பொண்ணைக் கட்டியிருக்கான். அன்னைக்குத்தான் கல்யாணம். இப்ப அவனுக்குப் பர்மியப் பேரு, அவங்க ஊருக்காரன்னு அடையாள அட்டை வாங்கித் தர்றாங்களாம். நம்ம மூஞ்சி ஒண்ணு அந்தப் பக்கம் தெரிஞ்சா எல்லாம் போச்சு. ஜெயில்தான்." சூசையம்மாள் முந்தானையை வாயில் அழுத்தினாள். "போறதுக்கு முன்னாடி அவனேதான் சொன்னான். உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா செலின் கப்பல் ஏறமாட்டா, என்னைத் தேடி வந்துக்கிட்டே இருப்பா, செத்துட்டேன்னு சொல்லிடுங்கன்னு."

"செத்தா மட்டும் விட்டுட்டுப் போயிடுவேனா? என்னைப் பத்தி அவ்வளவுதானா தெரியும் அவனுக்கு?"

ராஜரத்தினம் தரையைப் பார்த்தான். "உன்னை ரொம்பக் கேட்டான் செலின்," என்று முனகினான்.

"எவன் கேட்டான்? செத்தவனா?"

ரெங்கசாமிக்குத் தன் திறமை இந்த ஒரு தடவை கசந்தது. "ஒரு தடவை தூரத்துல இருந்து பாக்கணும்னா, நான் வேணா கூட்டிட்டு..."

"வேணாம் ஊ. தூரத்துல இருந்து பாத்தா கிட்டப் போவேன். கிட்டப் போனா அவனைப் போட்டு அடிப்பேன். ஊரே கூடிடும்."

அவள் எழுந்து ஜடையை இறுக்கி முடிந்துகொண்டாள். பாட்சா நிலைப்படியை விட்டு நகர்ந்தார்.

"எங்கடி போறே?" சூசையம்மாள் கட்டிலில் இருந்து பதறி இறங்கினாள். "படகுத் துறைக்கா? அவனைக் கொன்னுடாதடி!"

"அம்மை ஊசி போட. ஊசிச் சீட்டு இல்லேன்னா கப்பல்ல ஏத்தமாட்டாங்களாம்." செலின் தன் செருப்பைக் காலில் மாட்டினாள். "இங்க இருந்தா என்னைக்காவது ஒருநாள் அந்தப் படகுல ஏறிடுவேன்."

அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். செங்குத்தான மரப்படிகளில் செலின் தடதடவென்று இறங்கித் தெருவுக்குப் போனாள்.