வண்டி கம்பெனிக்குப் போயிருக்கு!

செல்போன் அலறியது.

விஜயராணி எடுக்கவில்லை. தையல் மிஷினில் ஒரு பள்ளிக்கூட டவுசர் பாதியில் நின்றது. இன்னும் நாற்பது டவுசர் பாக்கி.

மறுபடி அலறியது.

"என்னடே மாரி? காலங்காத்தால!"

மறுமுனையில் மாரிசெல்வம். தாராவியின் அந்தச் சந்துக்கே கார் மெக்கானிக். சந்தில் எந்தக் கார் எந்த வியாழக்கிழமை இருமியது என்பதுவரை அவனுக்கு அத்துப்படி.

"யக்கா, இன்னைக்கு ஷெட்டு காலியாத்தான் கெடக்கு. வண்டியக் கொண்டு வாரியளா? அந்தப் பெட்ரோல் பம்ப்பக் கழத்திப் பாத்துருவோம்."

"இனி ஒன் தயவே எனக்கு வேண்டாம்டே!" விஜயராணி சிரித்தாள். "வண்டி கம்பெனிக்குப் போயிருக்கு!"

"கம்பெனிக்கா?"

"ரீகால்லு! மைனா மாடல் வண்டிக்கெல்லாம் பம்ப்பு ஃபால்ட்டுன்னு சோனாவ்லா மோட்டார்ஸ்காரனே பேப்பர்ல போட்டானே? அவனே நேத்து போன் பண்ணுனான். இன்னைக்கு ஒம்பதேகாலுக்கு ரெண்டு பேரு யூனிபார்ம் போட்டு வந்து எடுத்துட்டுப் போயிட்டானுவ. புது பம்ப்பு, காசே கெடையாது, சாயங்காலம் வீட்டு வாசல்ல டெலிவரி!"

மறுமுனையில் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"என்னடே, தொழில் போச்சேன்னு இருக்கா?"

"யக்கா... ஆர்சி புக்கு யாரு பேர்ல இருக்கு?"

"தேவ்நார் லோபோ சார் பேர்லதான். அவருகிட்ட வாங்கி மூணு வருசமாச்சு, மாத்தணும் மாத்தணும்னு..."

"அப்ப கம்பெனிக்காரன் லோபோ சாருக்குத்தானே போன் பண்ணணும்?"

விஜயராணியின் கால் மிஷின் பெடலிலிருந்து இறங்கியது.

"ஒங்க நம்பர் அவனுக்கு எப்படிக்கா தெரியும்?"

விஜயராணிக்கு அப்போதுதான் அந்த யூனிபார்ம் ஞாபகம் வந்தது.

வந்த இருவரின் சட்டைப் பையிலும் கம்பெனி முத்திரை இருந்தது. அதைத் தைக்காமல் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பதினாறு வருடமாக யூனிபார்ம் தைக்கிறவள் அதைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு நல்ல டெய்லர் கெடைக்கலியே' என்று பரிதாபப்பட்டதோடு விட்டுவிட்டாள்!

"அய்யோ...! என் வண்டி...!"

சந்து முழுக்கக் கதவுகள் திறந்தன.

அவளுக்கு அது வெறும் கார் இல்லை. செம்பூரிலும் தேவ்நாரிலும் ஆறு பள்ளிக்கூடங்கள் அவளிடம்தான் யூனிபார்ம் வாங்குகின்றன. மூட்டையை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப்போய் இறக்குவாள். வண்டி போனால் பள்ளிக்கூடங்கள் போகும். அவளை நம்பி மிஷின் மிதிக்கும் நான்கு பெண்களுக்கும் வேலை போகும்.

எதிர்வீட்டுத் தோல் பட்டறை கரீம் பாட்சா முதல் ஆளாக ஓடி வந்தார்.

"என்ன தங்கச்சி? என்னாச்சி?"

"வண்டியக் கொண்டு போயிட்டானுவ பாய்! ரீகால்னு சொல்லி..."

"அட, இதுக்கா இந்தச் சத்தம்? என் மைனாவும் வெள்ளிக்கிழமையே போயிருக்கே! கூட்டம் சாஸ்தியாம். ரெண்டு நாளு லேட்டாவும்னு சொன்னான். நல்ல மரியாதையான பையனுவ."

"பாய்... ஒங்க ஆர்சி யாரு பேர்ல இருக்கு?"

"என் மச்சான் பேர்ல. அவன் துபாய்ல..." அவர் வாய் திறந்தபடியே நின்றது. "யா அல்லா!"

இது இரண்டாவது அலறல்.

"ஏன் எல்லாரும் சத்தம் போடுதிய?" என்று பல் துலக்கிக்கொண்டே வந்தார் பிரம்மநாயகம். "ஞாயித்துக்கெழம என் மைனாவும் கம்பெனிக்குத்தான் போயிருக்கு. நான் அமைதியா இல்ல?"

விஷயத்தைச் சொன்னார்கள்.

பல் துலக்கிய நுரையோடு மூன்றாவது அலறல் கேட்டது!

*

சப்-இன்ஸ்பெக்டர் சஃப்ரீன் வந்தபோது மணி பத்து. பக்கத்து சுனாபட்டியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கச் சொன்னால் தலையைச் சொறிவாள்.

"ரோனா பந்த், அக்கா. அழாம ஒண்ணொண்ணா சொல்லுங்க. ரசீது குடுத்தாங்களா?"

விஜயராணி நீட்டினாள். சோனாவ்லா மோட்டார்ஸ், செம்பூர் கிளை, ரப்பர் ஸ்டாம்ப், கையெழுத்து... எல்லாம் பக்கா. ரசீதில் இருந்த நம்பரை சஃப்ரீன் அழுத்தினாள்.

ஸ்விட்ச்டு ஆஃப்!

"மூணு வண்டி. மூணும் மைனா. மூணுக்கும் பம்ப் ஃபால்ட்டு. மூணுக்கும் ஆர்சி வேற ஆள் பேர்ல." சஃப்ரீன் விரல் மடக்கினாள். "இந்த நாலு விஷயமும் தெரிஞ்ச ஆள் இந்தச் சந்துல யாரு?"

எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

ஷெட்டிலிருந்து ஓடி வந்திருந்த மாரிசெல்வத்தின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது.

"மேடம்... நானா? நான்தானே மேடம் கேள்வியே கேட்டேன்!"

"ரொம்பக் கெட்டிக்காரனுங்க அப்படித்தான் கேப்பானுங்க. இங்கயே இரு. கான்ஸ்டபிள் பக்கத்துல ஒக்காருவாரு. மதியத்துக்குள்ள வண்டி கெடைக்கலன்னா நீ ஸ்டேஷனுக்கு வர்ற."

"சாயங்காலம் கெடச்சா?"

"சாயங்காலம் வண்டி இருக்காது. கதவு ஒரு கடையில, சீட்டு ஒரு கடையில கெடைக்கும்!"

மாரிசெல்வத்தின் வாடிய முகத்தைப் பார்த்ததும் விஜயராணிக்குப் போலீஸ்மேல் கோபம் பொங்கியது.

"யம்மா, இவன் இல்ல! எட்டு வருசமா நட்டு ஒண்ணு மிஞ்சுனாக்கூட வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போறவன் இவன். வேற ஆளப் பாருங்க!"

"அப்ப உங்க நம்பரை வேற யார்கிட்ட குடுத்தீங்க?"

விஜயராணி நெற்றியைத் தேய்த்தாள். கரீம் பாட்சாவைப் பார்த்தாள். அவர் பிரம்மநாயகத்தைப் பார்த்தார்.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

"சர்வீஸ் கவுண்டர்!"

"செம்பூர்ல கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கும்மா," என்றாள் விஜயராணி. "ரீகால்னு பேப்பர்ல பாத்ததும் மூணு பேரும் தனித்தனியாப் போனோம். கவுண்டர்ல நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன், கணேசபாண்டியன்னு பேரு. 'ஆர்சில பேரு இருக்குறவுகதான் வரணும், அதுதான் கம்பெனி ரூலு'ன்னான். ஆனா பேச்சுல அப்படி ஒரு பாசம்! 'நீங்க நம்மாளு, நம்பரக் குடுத்துட்டுப் போங்க, எதாவது வழி இருந்தா சொல்லுதேன்'னான்."

"நீங்க குடுத்தீங்க."

"அட்ரசும் குடுத்தேன். வண்டி நிறுத்துற எடத்தையும் கேட்டான். அதையும் சொன்னேன்."

சஃப்ரீன் பெருமூச்சு விட்டாள்.

"சலோ, செம்பூர். ஆனா அவனைப் பிடிச்சு ஒத்துக்க வைக்கறதுக்குள்ள உங்க வண்டி பீஸ் பீஸ் ஆயிரும், அக்கா."

விஜயராணி சட்டென்று நிமிர்ந்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"ஆவாது."

"ஏன்?"

"அவனுவ வண்டிய எடுக்கும்போது 'சயான் சைடுல ஜாம் இருக்குமா ஆன்ட்டி'ன்னு கேட்டானுவ. சயான் தாண்டி ஏத்தம் வரும். என் வண்டி அங்க நிக்கும்!"

"எப்படிச் சொல்றீங்க?"

"நேத்து ராத்திரியே நான் கொஞ்சம் மட்டும் விட்டுட்டு பெட்ரோல உறிஞ்சி எடுத்துட்டேன்லா!"

சந்தில் இருந்த யாருக்கும் அது ஆச்சரியமாகப் படவில்லை. சர்வீசுக்கு வண்டி விடும் முன் பெட்ரோலை எடுத்துவிடுவது அங்கே எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். மெக்கானிக் ஊர் சுற்றுவதற்கு நாமா பெட்ரோல் போடுவது? விஜயராணியிடம் மிஷின் மிதிக்கும் பேராச்சியின் ஸ்கூட்டருக்கு அந்தப் பெட்ரோல் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே மாரிசெல்வம் துள்ளினான்.

"ஆமா மேடம்! அந்த பம்ப் டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கி இருந்தாத்தான் சூடாகாம இருக்கும். பெட்ரோல் கொறஞ்சா சூடாகி மயக்கம் போட்டுரும். அர மணி நேரம் ஆறுனாத்தான் மறுபடி எந்திரிக்கும். அதான் அந்த ஃபால்ட்டே!"

சஃப்ரீன் ஜீப்பை நோக்கி ஓடினாள். ஜீப்புக்குப் பின்னால் ஒரு லாரி வழியை மறித்து ஹாயாகச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது.

"யம்மா, இங்க வாங்க!" பேராச்சியின் ஸ்கூட்டர் உறுமியது. அதில் ஏறியிருந்த விஜயராணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். "ஏறுங்க, ஜல்தி!"

போலீஸ் பின் சீட்டில் ஏறியது.

*

சயான் தாண்டி, சுனாபட்டி திருப்பம்.

நடுரோட்டில் பெரிய கூட்டம்! ஏழெட்டுப் பேர் "ஜோர் லகாக்கே... ஹையா!" என்று ஒரு வெள்ளை மைனாவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பால்காரர். இரண்டு காலேஜ் பையன்கள். டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் வாயில் விசிலோடு, இரண்டு கையாலும் மனதாரத் தள்ளிக்கொண்டிருந்தார்!

நீல யூனிபார்மில் ஒருவன் பின்னால் தள்ளினான். இன்னொருவன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

விஜயராணிக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. திருடன் என்பதுகூட ஒரு கணம் மறந்துபோனது.

"ஏலே! சாவியத் திருகாதல! பேட்டரி போயிரும்! ஆஃப் பண்ணி ஆற விடு!"

"சரி ஆன்ட்டி," என்று பழக்கதோஷத்தில் ஆஃப் செய்தான் அவன்.

அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் காக்கியைப் பார்த்தான்.

கதவைத் திறந்தான். ஓட ஒரு அடி வைத்தான். பால்காரரின் கேனில் இடறிக் குப்புற விழுந்தான்! இரண்டாமவன் ஓடவேயில்லை. தள்ளித் தள்ளி அவனுக்கு மூச்சே இல்லை.

"கணேசபாண்டியன் கிதர் ஹை?" சஃப்ரீன் சட்டையைப் பிடித்தாள்.

"வ... வர்றாரு மேடம்! வண்டி நின்னுடுச்சுன்னு போன் பண்ணோம். பம்ப் எடுத்துட்டு வர்றேன்னாரு!"

"பம்ப்பா?"

"ஆமா மேடம். பத்து நிமிஷம்னாரு."

சஃப்ரீனின் கண்கள் மின்னின. இரண்டு பேரையும் காருக்குள் குனிய வைத்தாள். டிராபிக் போலீஸ்காரரிடம் கிசுகிசுத்தாள்.

"பாவ், ஆப் லோக் தக்கா மார்தே ரஹோ!"

கூட்டம் மறுபடி தள்ளத் தொடங்கியது.

பதினோராவது நிமிடம் பைக் ஒன்று வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினான் கணேசபாண்டியன். கையில் பளபளவென்று ஒரு அட்டைப் பெட்டி. மேலே சோனாவ்லா மோட்டார்ஸ் முத்திரை!

"தள்ளாதிய, தள்ளாதிய! பின் சீட்டத் தூக்குனா அர மணி நேர வேல..."

"வாங்க தம்பி," என்று காருக்குப் பின்னாலிருந்து எழுந்தாள் விஜயராணி. "லோபோ சார் வரலியே, பரவாயில்லையா?"

கணேசபாண்டியனின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா... அது... கம்பெனி ரூலு..."

சஃப்ரீன் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"இப்பதான் கம்பெனி ஹெட் ஆபீஸ்ல பேசினேன். வண்டி யார் கொண்டு வந்தாலும் பம்ப் மாத்தணுமாம். ஆர்சி யார் பேர்ல இருந்தாலும் சரியாம். அப்படி ஒரு ரூலே கெடையாதாம்!"

விஜயராணி திகைத்தாள். "அப்ப நீ ஏம்ல எங்களத் திருப்பி அனுப்புன?"

அவன் தலை தொங்கியது.

"பேரு மாத்தாத வண்டின்னா சொந்தக்காரங்க போலீசுக்குப் போகவே யோசிப்பாங்க. 'ஒம் பேர்லயே இல்லாத வண்டிக்கு என்ன கம்ப்ளைண்ட்டு'ன்னு கேப்பாங்கல்லா? அதான் அப்படிப்பட்டவுகளா பாத்து... லிஸ்ட்டு போட்டேன். மொத்தம் நாப்பத்தோரு பேரு."

"மத்த ரெண்டு வண்டி?"

"தேவ்நார் ஷெட்டுல இருக்கு மேடம். நாளைக்குத்தான் கைமாறும்."

மாரிசெல்வத்துக்குக் காவல் இருந்த கான்ஸ்டபிளுக்கு உடனே போன் பறந்தது. பக்கத்தில் மதியம்வரை உட்கார வேண்டுமே என்று கவலையோடு இருந்த கான்ஸ்டபிள், அதற்குள் தன் பைக்கின் செயினை மாரிசெல்வத்திடம் ஓசியில் சரிசெய்து முடித்திருந்தார்.

*

மாலை நான்கு மணி. போலீஸ் ஸ்டேஷன் வாசல்.

தேவ்நாரிலிருந்து இரண்டு மைனாக்களும் வந்து சேர்ந்தன. கரீம் பாட்சா சாவியைத் திருப்பினார்.

விர்ர்ரூம்!

ஒரே திருப்பில்! இருமல் இல்லை, திணறல் இல்லை.

"சுபஹானல்லாஹ்! இது என் வண்டிதானா?"

பிரம்மநாயகத்தின் வண்டியும் அப்படியே கிளம்பியது. ஒரு வருடத்தில் அவர் சிரித்து அன்றுதான் சந்துக்காரர்கள் பார்த்தார்கள்.

மாரிசெல்வம் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"புது பம்ப்பு! ஒரிஜினல்! யாரு மாட்டுனது?"

லாக்கப்பிலிருந்து கணேசபாண்டியனின் குரல் வந்தது.

"நான்தான். டெஸ்ட் டிரைவ்ல நின்னுபோற வண்டிய எவன் வாங்குவான்? திருடுற வண்டிக்கெல்லாம் மொதல்ல பம்ப்ப மாத்திருவேன்."

விஜயராணி விறுவிறுவென்று ஸ்டேஷனுக்குள் போனாள்.

வாசலில், வழியிலேயே மறுபடி மயக்கம் போட்டிருந்த அவளுடைய மைனாவை மூன்று கான்ஸ்டபிள்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேஜைமேல் பளபளவென்று அந்த அட்டைப் பெட்டி. அவள் கை அதை நோக்கி மெல்ல நீண்டது.

"தொடாதீங்க அக்கா! அது எவிடன்ஸ். சீல் வெச்சு கோர்ட்டுக்குப் போகணும்."

"கோர்ட்டுல இருந்து எப்பம்மா வரும்?"

"கேஸ் முடியணும்."

"கேஸ் எப்ப முடியும்?"

சஃப்ரீன் மின்விசிறியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். கடைசியில் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள்.

"கம்பெனியில கேட்டா?" என்றான் மாரிசெல்வம்.

"கேட்டேன்டே. செம்பூர் கவுண்டர்ல ஆள் இல்லையாம். புது ஆள் போட்டப்புறம் வரச் சொன்னான்!"

லாக்கப்பைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் சஃப்ரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, நீ நல்லா இருக்கணும். கைது பண்ணுனது சரிதான், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு அர மணி நேரம் பொறுத்து, அவன் வேலைய முடிச்சப்புறம் வெலங்கு மாட்டிருக்கக் கூடாதா?"