கண்ணாடி ஏற்றிய கார்

டெலிபோன் அலறியது!

ஏசி மெக்கானிக் ஸ்பேனரை வைத்துவிட்டு எடுத்தான்.

"உங்க அக்கா வீட்டுல இருந்து இன்ஸ்பெக்டர் பேசறேன். உடனே வாங்க."

"அக்காவுக்கு என்ன சார்?"

"கழுத்தை நெரிச்சிருக்காங்க... உயிர் இல்ல."

ஸ்பேனரை அதன் இடத்தில் மாட்டினான். சோப்புப் போட்டுக் கை கழுவினான். ஷட்டரை இறக்கினான்.

அழுகை மட்டும் வரவில்லை.

அக்கா சமையலறைத் தரையில் கிடந்தாள். பாதி நறுக்கிய வெங்காயம் பலகையில் காய்ந்துகொண்டிருந்தது. ஹாலில் அக்கா புருஷன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"மாப்ளே... போயிட்டாளேடா!"

அவன் தலையை ஆட்டினான்.

இன்ஸ்பெக்டர் அவனை ஓரமாக அழைத்துப் போனார்.

"நடந்தது மதியம் ரெண்டுல இருந்து நாலுக்குள்ள. எனக்கு உங்க மாமா மேலதான் சந்தேகம். ஆனா ஆபீஸ் பார்க்கிங்ல கார்லயே தூங்கினேங்கறார். கார் நகரலைன்னு வாட்ச்மேனும் சத்தியம் பண்றார். கறுப்புக் கண்ணாடி... உள்ளே ஆள் இருந்தாரா, தெரியல. அவர் சொல்றதுல ஓட்டை கிடைக்கலைன்னா விட்டுடணும்!"

"எந்தக் கார் சார்?"

"வாசல்ல நிக்குதே, அந்தப் பழசு."

மெக்கானிக் ஹாலுக்கு நடந்தான். இன்ஸ்பெக்டரும் பின்னாலேயே வந்தார்.

"மாமா... உச்சி வெயில்ல எப்படித் தூங்கினீங்க?"

"கண்ணாடியை ஏத்திவிட்டு ஏசியைப் போட்டேன்டா. நேத்து நீதானே ரிப்பேர் பண்ணே? ஜில்லுன்னு இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் அசந்துட்டேன்!"

"எழுதிக்கிட்டீங்களா சார்?"

"முன்னாடியே இதைத்தான் சொன்னார். எழுதிக் கையெழுத்தே வாங்கியாச்சு."

"அந்தக் கார்ல ஏசி ஓடாது சார்."

மாமாவின் அழுகை பட்டென்று நின்றது.

"கண்டன்ஸர்ல லீக். நேத்தே கேஸ் மொத்தத்தையும் இறக்கிட்டேன். புதுசு நாளைக்குத்தான் வருது. கேஸ் இல்லாம கம்ப்ரஸர் ஓடாது... சுவிட்சைப் போட்டா அனல்தான் அடிக்கும். அந்த வெயில்ல ரெண்டு மணி நேரம் இருந்திருந்தா வெந்திருப்பார்!"

"காலையில ஓட்டிட்டுப் போனாரே, அப்பத் தெரியாதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பெட்ரோல் குடிக்கும்னு ஏசியே போடமாட்டார் சார். கண்ணாடியை இறக்கிட்டுத்தான் ஓட்டுவார்."

மாமா சட்டென்று எழுந்தார்.

"அ... அவ சொல்லவே இல்லையே!"

"அக்காகிட்ட சொல்லித்தான் காரைக் குடுத்தேன். நீங்கதான் அவகூடப் பேசி ஒரு மாசமாச்சே மாமா!"

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டி மாமாவை ஜீப்பில் ஏற்றினார்.

"மாப்ளே... உள்ளே புழுங்குதுடா!"

மெக்கானிக் ஜீப்பின் கதவைச் சாத்தினான். இப்போதும் அழுகை வரவில்லை.

"பழகிக்கங்க மாமா... போற இடத்துலயும் ஏசி கிடையாது!"