சிவப்புப் பானையின் ஓலை

1909 ஜனவரி 23, சனிக்கிழமை. காலை ஏழு மணி.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி கிருபைராஜ் வாத்தியாரின் இடுப்புக் கயிற்றில் இருந்தது. ஆனால் அலமாரிக்குள் இருந்திருக்க வேண்டிய ஓலை மட்டும் இல்லை.

சிவப்புக் கயிற்றில் முப்பத்தொரு ஓலைகள் கோத்திருக்க வேண்டும். கிருபைராஜ் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். முப்பது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். கர்த்தர் இரங்கவில்லை, அதே முப்பதுதான். காணாமல் போனது பனையேறி தானியேலின் மனைவி சாலோமியின் ஓலை.

அந்த ஓலை இல்லையென்றால் அந்தப் பெண் பிழைப்பது சந்தேகம்.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே நாலு மைலில், பனங்காட்டை ஒட்டிய அந்த ஊரில், கோயிலடி அறையில் நடந்துவந்தது பிணி உதவிச் சங்கம். உலையில் அரிசி போடுமுன் பெண்கள் ஒரு கைப்பிடி எடுத்துக் கோயிலுக்கு வைப்பது அந்த ஊர் வழக்கம். அதே வழக்கத்தில்தான் சங்கமும் முளைத்தது: வேளைக்கு ஒரு கைப்பிடி ஒதுக்கி, புதன்தோறும் கொண்டுவர வேண்டும். அறையில் இரண்டு பானைகள். வெள்ளைப் பானையில் அரிசி போட்டால் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று அன்றாடம் வருவதற்கெல்லாம் மருந்து. சிவப்புப் பானையில் போட்டால் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் படுக்கை, கத்தி வைத்தியம் உட்பட. ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு கைப்பிடி. போடுகிறவள் பெண் என்பதால் ஓலை அவள் பெயரில் இருக்கும். பலன் வீட்டில் யாருக்கும் உண்டு.

ஊரில் முக்கால்வாசிப் பேர் வெள்ளைப் பானைக்காரர்கள். காய்ச்சல் மாதாமாதம் வருகிறது, கத்தி யாருக்கு வருகிறது என்பது அவர்கள் கணக்கு.

காகிதத்தைக் கரையான் தின்றுவிடும் என்று வரவு வைப்பதெல்லாம் பனையோலையில்தான். எழுத்தாணியால் பெயரைக் கீறி, புதன்தோறும் அரிசி வந்ததும் ஒரு கோடு கீறி, விளக்குக் கரியைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து கறுப்பாக நிற்கும். மூன்று வருஷம் கோடு விடாமல் இருந்தால்தான் படுக்கை. ஓலையைக் கையில் கொண்டுபோனால்தான் ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொள்வார்கள்.

சாலோமிக்கு வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை காலை அறுத்து எடுப்பதாக டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அதைத் தவறவிட்டால் டாக்டரம்மா ஊர் ஊராகப் போய்விட்டுத் திரும்ப இரண்டு மாதம் ஆகும். கட்டி அவ்வளவு நாள் பொறுக்காது.

காலை எட்டு மணி.

சங்கத்தின் பொருளாளர் அப்பாத்துரை வந்தார். கருப்பட்டி மண்டிக்காரர், இரண்டாவது சாவி அவரிடம்.

“ஓலை இல்லேன்னா படுக்கை இல்ல, வாத்தியாரே. சட்டம் சட்டந்தான்.”

“அண்ணாச்சி, அவ மூணு வருஷமா போட்டது எனக்குத் தெரியும். நான்தான கோடு கீறினேன்?”

“போன வருஷமும் இப்படித்தான வே ஒருத்தி அழுதா? நீரும் எரக்கப்பட்டு எழுதிக் கொடுத்தீரு. கடைசியில அவ போட்டது பதினாலு வாரம். ஆஸ்பத்திரிக்காரன் நம்ம சங்கத்தையே தள்ளி வைக்கேன்னு சொல்லலியா? மறந்துட்டீரோ?”

கிருபைராஜ் மறக்கவில்லை. அவர் நினைத்தது வேறு. சிவப்புப் பானையே வீண் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சத்தம் போடுகிறவர் இந்த மனிதர். சாவியும் இவரிடம் இருக்கிறது. பூட்டை உடைக்காமல் வேறு யார் திறந்திருக்க முடியும்? வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, பாக்கியவதியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

காலை ஒன்பது மணி.

பாக்கியவதி சங்கத்தின் மருந்துக்காரி. வயது ஐம்பது. வெள்ளைப் பானை மருந்தெல்லாம் அவள் கலந்து கொடுப்பதுதான். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்ததால் அதை நூலால் காதில் கட்டியிருப்பாள். நாக்கைப் பார்த்தே நேற்று என்ன தின்றாய் என்று சொல்லிவிடுவாள். பொய் சொன்னால் அதையும் சொல்லிவிடுவாள். அவளைக் கண்டாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும்.

வந்தவள் பூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“கடைசியா எப்பம் பாத்தீரு?”

“புதன்கிழமை சாயங்காலம் அக்கா. கோடு கீறி, கரி தேச்சு வச்சேன்.”

“அப்புறம்?”

“பூச்சி அரிக்குதுன்னு எல்லா ஓலைக்கும் எண்ணெய் போட்டோம். தானியேல் ஒத்தாசைக்கு வந்தான். இப்பம் மரம் ஏத்தம் கிடையாதுல்லா, சும்மாதான் இருக்கான். நான் வெள்ளைக் கட்டு பாத்தேன். அவன் செவப்புக் கட்டு.”

“முடிச்சதும் எண்ணினீரா?”

கிருபைராஜ் தலையைக் குனிந்தார். “இல்ல. கட்டி உள்ள வச்சுப் பூட்டினேன். இன்னைக்குத்தான் தொறக்கேன்.”

“இந்தக் கிண்ணம் என்ன?”

சன்னல் ஓரத்தில் ஒரு மண்கிண்ணம். அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது.

“சீயக்காத் தண்ணி. எண்ணெய்க் கையைக் கழுவ தானியேல் கொண்டாந்தான்.”

“ரொம்ப மரியாதக்காரன்,” என்றாள் பாக்கியவதி. சன்னல் கம்பியில் தொங்கிய துணியை எடுத்து விரித்தாள். துணி முழுக்க எண்ணெய்ப் பழுப்பு. ஒரு மூலை மட்டும் அட்டக்கரி. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு மடித்தாள்.

பிறகு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த எழுதாத ஓலைக் கட்டை எடுத்தாள். “இது?”

“புதுசு. அடுத்த வருஷத்துக்கு. இருபது ஓலை வாங்கினேன். இன்னும் பிரிக்கவே இல்ல.”

அவள் மெதுவாக விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். எண்ணி முடித்ததும் தானியேலைக் கூட்டிவரச் சொன்னாள்.

காலை பத்து மணி.

தானியேல் வந்து வாசலிலேயே நின்றான். முப்பது வயது. பனை ஏறி ஏறி நெஞ்சிலும் உள்ளங்கையிலும் காய்த்துப்போன தழும்பு.

“சாலோமி எப்படி இருக்கா?”

“முனங்கிட்டே கிடக்கா அக்கா. உங்க மருந்து குடிச்சா கொஞ்சம் தூங்குவா.”

“என் மருந்து தூங்கத்தான் வைக்கும். கட்டியக் கரைக்காது. தெரியுமா?”

“களக்காட்டுல ஒரு வைத்தியர் இருக்காரு. பச்சிலையிலேயே கரைச்சிருவாராம். ஓலை கிடைக்கலேன்னா அவர்கிட்ட...”

“கிடைக்கலேன்னா.” பாக்கியவதி அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். “ஒங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போயி நாலு வருஷம் ஆச்சுல்லா?”

அப்பாத்துரை குறுக்கிட்டார். “போகும்போது வண்டியில உக்காந்து போனா. வரும்போது துணி போத்திக் கொண்டாந்தாவ. ஊரே பாத்துச்சு.”

“நீ சாலோமி கூட ரெண்டு பானைக்கும் அரிசி போடுததுக்குச் சண்டை போட்டியாமே?” என்றாள் பாக்கியவதி.

“ஆமா. எதுக்கு ரெண்டுன்னு கேட்டேன். வெள்ளை போதாதான்னு கேட்டேன். அவ கேக்கல.”

முற்பகல் பதினொன்று.

பாக்கியவதி நாலு பேரையும் உட்கார வைத்தாள், தன்னையும் சேர்த்து. மேசையில் விளக்கின் கண்ணாடிச் சிமினி, எண்ணெய்க் கிண்ணம், புது ஓலைக் கட்டு.

“பூட்டு பூட்டுன்னு பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் தெரியாது வாத்தியாரே. அண்ணாச்சி மேல உமக்குச் சந்தேகம், மூஞ்சியிலேயே எழுதியிருக்கு.”

“ஏன்வே, என் மேலயா?” என்று அப்பாத்துரை துள்ளினார்.

“இருங்க அண்ணாச்சி. பூட்டை யாரும் தொறக்கல. ஓலை இந்த அறைய விட்டே போகல. நீரு இருபது வாங்கினீரு. இதுல இருபத்தொண்ணு இருக்கு.”

கட்டைப் பிரித்து ஒரு ஓலையை உருவினாள். பார்வைக்கு வெறும் ஓலைதான். சிமினியின் உட்புறக் கரியை விரலில் வழித்தாள். ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்தாள். ஓலையின் மேல் இடமிருந்து வலமாகத் தேய்த்து, துணியால் ஒரு துடை துடைத்தாள்.

எழுத்து எழும்பிற்று.

முதலில் ஒரு வளைவு. பிறகு ஒரு துணைக்கால். பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து எழுத்துகள் கறுப்பாக எழுந்து வந்து நின்றன. தானியேல் பெண்சாதி சாலோமி. அதன் பின்னால் கோடுகள். ஒரு பக்கம் நிறைய, மறுபக்கம் நிறைய, நூற்றைம்பத்தாறு கோடுகள். கீறியது தன் கைதான் என்பது கிருபைராஜுக்குத் தெரியும். தெரிந்தும் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. லாசருவைக் கல்லறையிலிருந்து கூப்பிட்ட கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் நடத்தியிருப்பார்! கூப்பிட்டு வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான். அப்பாத்துரை எழுந்து ஓலையின் மேல் குனிந்தார்.

“கரி சீயக்காய்க்குப் போயிரும். கீறல் போகுமா?” என்றாள் பாக்கியவதி. “எண்ணெய்க் கைக்குச் சீயக்கா வேணும், சரி. ஆனா எண்ணெய்க் கையைத் தொடச்ச துணியில ஒரு மூலை மட்டும் ஏன் அட்டக்கரி? அந்த மூலையில ஏன் சீயக்கா வாடை? வாத்தியாரு முதுகு காட்டி வெள்ளைக் கட்டு பாத்துக்கிட்டு இருக்கும்போது, அவரு பக்கத்துலேயே உக்காந்து இத வெளுத்திருக்கு. வெளுத்து, புதுக் கட்டுல சொருகியிருக்கு. ஏலே தானியேலு, நீதான?”

தானியேல் இருந்த இடத்திலிருந்து தரைக்குச் சரிந்தான்.

“ஆமா அக்கா. அவள அறுத்துப் போட்டு, எங்க அம்மாவ மாதிரி துணி போத்திக் கொண்டாந்தாவன்னா நான் என்ன செய்வேன்? ரெண்டு மாசம் தள்ளிப் போனா களக்காட்டுக்குக் கொண்டுபோயிரலாம்னு...”

“அப்பம் அடுப்புல போட்டிருக்க வேண்டியதுதான?” என்றார் அப்பாத்துரை.

“முடியல அண்ணாச்சி. அவ பேரு எழுதின ஓலை. எரிச்சா அவளையே எரிச்ச மாதிரி இருந்துச்சு.”

பாக்கியவதி ஓலையை அவன் முன்னால் வைத்தாள்.

“இந்தக் கோட்டப் பாரு. போன ஐப்பசி, கார்த்திகை. மழை. உனக்கு ஏத்தமில்ல, வீட்டுல அரிசியில்ல. ஒரு கோடாவது விட்டிருக்கா?”

அவன் தடவித் தடவிப் பார்த்தான். விடவில்லை.

“கஞ்சித் தண்ணிதான அக்கா குடிச்சோம் அப்பம்,” என்றான் மெதுவாக. “எங்க இருந்து போட்டா?”

“அவ கஞ்சியில பருக்கை கிடந்துச்சான்னு என்னைக்காவது பாத்தியா? சரி, இதக் கேளு. சங்கத்துல சேர வந்த அன்னைக்கு ரெண்டு பானையையும் பாத்துக்கிட்டே நின்னா. காய்ச்சலுக்கு வெள்ளைன்னு சொன்னேன். தலையாட்டினா. அப்புறம் என்கிட்ட மட்டும் பைய ஒரு கேள்வி கேட்டா. ‘பனையில இருந்து விழுந்தா எந்தப் பானை அக்கா?’ன்னு.”

தானியேல் நிமிர்ந்து பார்த்தான்.

“செவப்புன்னு சொன்னேன். ரெண்டாவது கைப்பிடிய அன்னைக்கே போட்டா. அந்தப் படுக்கை உனக்காகப் போட்டதுலே. கட்டி வரும்னு அவ கண்டாளா?”

அந்தக் காய்த்துப்போன பெரிய கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் அழுத அழுகையைக் கிருபைராஜ் அதன்பின் எந்த ஆண்பிள்ளையிடமும் கேட்டதில்லை. மூன்று வருஷமாகப் புதன்தோறும் கோடு கீறியவர் அவர். தான் கீறியது இன்னது என்று அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாத்துரை மேல்துண்டால் மூக்கைச் சிந்திவிட்டு, “என் வண்டியக் கட்டச் சொல்லுதேன். என் மாடுதான் குலுக்காமப் போகும்,” என்றார்.

ஜனவரி 25, திங்கட்கிழமை.

விடியும்போது வண்டி புறப்பட்டது. சாலோமியின் தலை தானியேலின் மடியில். ஓலை அவன் கையில். வழி நெடுக அதை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. பகல் ஒரு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து, தேங்காய் அளவு இருந்தது, பிழைத்துக்கொள்வாள் என்றாள்.

ஜனவரி 27, புதன்கிழமை. சாயங்காலம்.

கிருபைராஜ் எழுத்தாணியோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் வரிசையாக வந்து அரிசியைக் கொட்டிப் போனார்கள். வரிசையின் கடைசியில் ஓர் ஆண் நின்றான். கையில் அரிசி நிறைந்த இரண்டு பனையோலைக் கொட்டான் பெட்டிகள்.

தானியேல் முதல் கொட்டானை வெள்ளைப் பானையில் கவிழ்த்தான். இரண்டாவதைச் சிவப்பில் கவிழ்த்தான். அரிசி விழுந்துகொண்டே இருந்தது.

“வேளைக்கு ஒரு கைப்பிடிதானப்பா போடணும்?” என்றார் கிருபைராஜ். “இது ரெண்டு மடங்கு இருக்கே.”

“வேளைக்கு ஒரு கைப்பிடிதான் எடுத்தேன் வாத்தியாரய்யா,” என்றான் தானியேல். “என் கை பெரிசு.”

கிருபைராஜ் கோடு கீறினார். கரியை அழுத்தித் தேய்த்தார்.