நாற்பத்தைந்தில் ஓடிய தட்டு

நாளெல்லாம் கரும்பு வெட்டிய வலது தோள் மறுநாள் ஞாயிறன்றும் எரிந்தது. ரெக்கார்டு பிளேயரின் ஊசியை எலியேசர் இடது கையால்தான் தட்டின்மேல் வைத்தான். நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டு, ‘காலி’ என்ற பக்கத்து நகரத்துக்காரர்கள் ஆடுகிற வேகமான நாற்பத்தைந்தில் பறந்தது. வெளியே மழை. ஆனாலும் அறைக்குள் கரும்புத்தோகை கருகும் இனிப்பு நெடி.

"இதோட ஏம்பா மல்லுக்கட்டுற?" மகள் யூரானி போனை நீட்டினாள். "இதே தட்டைப் போன்ல ஏத்திட்டேன். கரகரப்பெல்லாம் வடிகட்டியாச்சு. பாடினவன் பாடின வேகம்."

"கழுவி வச்ச சட்டி மாதிரி இருக்கும். அதுல என்ன ருசி?"

"கேட்டுட்டுத் திட்டு."

அவன் ஊசியைத் தூக்கினான். போனில் அதே பாட்டு தளர்ந்து, இழுத்து, பாரம் சுமப்பவன் நடைபோல வந்தது. கீறல் இல்லை. கரகரப்பு இல்லை. ஆனால் முரசுக்கு அடியில், எங்கோ தள்ளி, காய்ந்த தோகை ஒன்று பற்றிக்கொள்ளும் சடசடப்பு.

பிறகு அந்த இடம் வந்தது. நாற்பத்தைந்தில் அது ஒரு கீச்சொலி. தெருவே அதற்குக் கைதட்டிக் குதிக்கும். அவனும் குதித்திருக்கிறான். இப்போது அது ஓர் ஆண்குரல்.

"கூட்டாளி... எந்தப் பக்கம் வரணும்?"

ஒவீடியோ. கூடக் கரும்பு வெட்டியவன்; இந்தத் தட்டும் அவனிடமிருந்து வந்ததுதான். கரும்புக்குள் படுத்துத் தூங்கியவன். வெட்டுமுன் தோகையை எரிக்க எலியேசர் வைத்த தீயில் போனவன்.

"நிறுத்து பிள்ளே."

அவள் காதில் அவன் பேச்சு விழவில்லை. அந்த இடத்தைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை நன்றாகக் கேட்க, அதற்குள் ஹெட்போனை மாட்டியிருந்தாள்.

"யாரோ வழி கேக்குறாருப்பா, பாவம்." சிரித்தாள். தெருவில் வழி தெரியாதவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "இந்தப் பக்கம் வாங்க மாமா."

பாட்டு நின்றது.

சடசடப்பு நிற்கவில்லை. வீட்டு நடைவழியில் கேட்டது. பிறகு கதவருகே.

யூரானி ஹெட்போனைக் கழற்றினாள். காதோர முடி சுருண்டு பொசுங்கியிருந்தது. அவள் கதவைப் பார்த்தாள். கதவுப் பலகையில் கருகிய ஒரு கறுப்புக் கோடு. விரல் நீளம். பக்கத்தில் இன்னொன்று. ஐந்து. உள்ளங்கை.

கதவு உள்பக்கம் அசைந்தது.

எலியேசர் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

தீ வைக்குமுன் தோட்டத்தைச் சுற்றி வந்து, உள்ளே இருப்பவன் வெளியே வர ஒரு குரல் கொடுக்க வேண்டும். அன்று எலியேசர் கொடுக்காத அந்தக் குரல் ஒவீடியோவுக்கு இன்னும் பாக்கி.