கரும்பு வண்டியில் இறங்கிய ஹெலிகாப்டர்

"மீன் புடிக்கிற போட்ல ஹெலிகாப்டர் எறங்கும் டீச்சர்" என்று அனிட்டா சொன்னதும் ஆறாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது.

அறிவியல் கண்காட்சிக்குக் கள்ளக்குறிச்சி போக வேண்டும். யார் என்ன செய்யப் போகிறீர்கள் என்று விஜயலட்சுமி டீச்சர் கேட்டிருந்தார். தீனதயாளன் வழக்கம்போல எரிமலை என்றான். மூன்றாம் வகுப்பிலிருந்து அவன் எரிமலைதான் செய்கிறான். போன வருஷம் அது பொங்கி வழிந்து, பார்க்க வந்த அதிகாரியின் ஷூவுக்குள் போய்விட்டது.

"போட்ல எங்க எறங்கும்? ஐஸ் பொட்டி மேலயா?" என்று தீனதயாளன் கேட்டான்.

"மேல தளம் இருக்கும். எங்க ஜெரின் சித்தப்பா வெளிநாட்டுல அந்த மாதிரி போட்லதான் வேலை பாக்கறாரு. ஹெலிகாப்டர் மேல போயி மீன் கூட்டம் எங்க இருக்குன்னு பாத்துட்டு, திரும்பி வந்து போட்லயே எறங்கும்."

"மீன் புடிக்க ஹெலிகாப்டரா? எங்க மாமா ஏரில புடிக்கிறாரு, தெர்மாகோல் மேல உக்காந்துதான்."

மறுபடியும் சிரிப்பு. டீச்சர் மேசையைத் தட்டினார். "ஒரு வகுப்புலேர்ந்து ஒன்னுதான் அனுப்ப முடியும். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் செஞ்சு காட்டுங்க. நல்லா இருக்கறது போவும்."

மறுநாள் அனிட்டா அம்மாவின் போனைக் கொண்டுவந்து சித்தப்பா அனுப்பிய, போட்டில் ஹெலிகாப்டர் இறங்கும் வீடியோவைக் காட்டினாள். தீனதயாளன் அதை மேலும் கீழும் பார்த்தான்.

"இது ஏஐ. எங்க அண்ணன் போன்ல சிங்கம் பரோட்டா போடுது. அதுக்காக சிங்கத்துக்குப் பரோட்டா போடத் தெரியும்னு சொல்லுவியா?"

அதோடு அவன் விடவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஊர்ல இன்னா பேசிக்கறாங்க தெரியுமா? உங்க சித்தப்பா அங்க மீன் கழுவறாராம். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு ஹெலிகாப்டர்னு வுடறாராம்."

மீன் கழுவுவது கேவலம் என்று அனிட்டாவுக்குத் தோன்றவில்லை. ஞாயிறுதோறும் அம்மா கழுவுகிறாள், அவளும் கூட உட்கார்ந்து கழுவுகிறாள். சித்தப்பா பொய் சொல்கிறார் என்று ஊரே பேசுகிறதே, அதுதான் அவளை உறுத்தியது.

வீட்டுக்கு வந்து அம்மா பாக்கியத்திடம் கேட்டாள். "சித்தப்பா அங்க இன்னா வேலைம்மா பாக்கறாரு?"

"ஹெலிகாப்டர்கிட்ட வேலைன்னான். இன்னா வேலைன்னு கேட்டா, நீ பயப்படுவ அண்ணின்னு சொல்லிட்டு வெச்சிட்டான்" என்றாள் பாக்கியம்.

போன கிறிஸ்துமஸுக்குச் சித்தப்பா வாங்கிவந்த பொம்மை ஹெலிகாப்டர் அலமாரியில் இருந்தது. ரிமோட்டில் பறப்பது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. ஹெலிகாப்டர் இருக்கிறது. போட் எங்கே?

அவள் வாசலுக்கு வந்தாள். ரோட்டில் பூமாலையின் மாட்டு வண்டி கரும்பு ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாரம் தாங்காமல் இந்தப் பக்கம் சாய்ந்தது. பள்ளத்தில் இறங்கி அந்தப் பக்கம் சாய்ந்தது. கடல் இல்லாத ஊரில் இவ்வளவு ஆட்டம் ஆடிக்கொண்டு போவது அது ஒன்றுதான்.

"பூமாலை மாமா, உங்க வண்டி மேல ஒரு ஹெலிகாப்டர் எறக்கணும்."

கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த பூமாலை கீழே எட்டிப் பார்த்தார். "இன்னா எடை இருக்கும்?"

"ரெண்டு எலுமிச்சம்பழம்தான் இருக்கும்."

"எறக்கு. மில்லுல எடை போடற வரைக்கும் எடுத்துடாத."

பள்ளிக்கூடத்தில் உடைந்து கிடந்த கரும்பலகைத் துண்டு ஒன்றை டீச்சரிடம் கேட்டு வாங்கி, புதன்கிழமை சாயங்காலம் கரும்புக் கட்டின் மேல் வைத்துக் கட்டினாள். அதுதான் தளம். நடுவில் சாக்பீஸால் ஒரு வட்டம். தீனதயாளன் சைக்கிளில் கூடவே வந்தான், வேடிக்கை பார்க்க.

வண்டி நகர்ந்தது. அனிட்டா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். ஹெலிகாப்டர் வண்டிக்கு மேலே வந்து, மெல்ல மெல்லத் தாழ்ந்து, வட்டத்தைத் தொடப் போன நேரம் வண்டி நின்றுவிட்டது.

வண்டி நின்றது. ஹெலிகாப்டர் நிற்கவில்லை. மாட்டுக் கொம்புகளைத் தாண்டிப் போய், அம்மாசி டீக்கடையின் பஜ்ஜித் தட்டில் விழுந்தது.

அம்மாசி அதை இடுக்கியால் எடுத்தார். "இன்னா பாப்பா இது? என் கடைல ஈயே ஜாஸ்தி. நீ வேற பெருசா ஒன்னு வுடற."

"ஹெலிகாப்டர் எறங்கிடுச்சுப்பா, பஜ்ஜில" என்று தீனதயாளன் கைதட்டினான்.

"ஏன் மாமா நிறுத்துனீங்க?" என்று அனிட்டா கேட்டாள்.

"நான் எங்க நிறுத்தனேன்? அவங்களா நிக்கறாங்க." பூமாலை தன் மாடுகளைக் காட்டினார். இடது மாட்டைப் பெரியவர் என்றும் வலது மாட்டைச் சின்னவர் என்றும்தான் கூப்பிடுவார். மரியாதை குறையாது. "நான் டீ குடிக்கறப்பல்லாம் அம்மாசி அவங்களுக்கு வாழப்பழத் தோலு போடுவாரு. பழகிப்போச்சு. எனக்கு டீ வேணாம்னாலும் அவங்க வுட மாட்டாங்க."

பெரியவர் அதற்குள் தோலை மென்றுகொண்டிருந்தார். சின்னவர் அடுத்த தோலுக்காக அம்மாசியைப் பார்த்தார்.

நிற்கிற வண்டியிலாவது இறக்கலாம் என்று அனிட்டா இறக்கிக் காட்டினாள். அழகாக இறங்கியது.

"நிக்கற வண்டில காக்கா கூட எறங்கும். நடுக்கடல்ல போட் டீ குடிக்க நிக்குமா?" என்றான் தீனதயாளன்.

அன்றைக்குச் சித்தப்பாவுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். 'ஹெலிகாப்டர் எறங்கறப்ப போட்ட நிறுத்துவாங்களா சித்தப்பா?'

கடலில் எப்போதாவதுதான் சிக்னல் கிடைக்கும். காலையில் பதில் வந்திருந்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே சித்தப்பாவின் குரல்.

"நிக்கவே நிக்காது பாப்பா. நின்னா இன்னும் ஜாஸ்தி ஆடும். ஒரே வேகத்துல நேராப் போய்க்கினே இருக்கும். ஹெலிகாப்டர் பின்னாடி வந்து கொஞ்ச நேரம் கூடவே போவும். அவசரப்படக் கூடாது. போட் ஆடி ஆடி நடுவுல சமமா வரும் பாரு, அப்ப வெச்சிடணும். வெச்சதும்..."

அதோடு அறுந்துவிட்டது.

"வெச்சதும் இன்னா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"தெரியலம்மா." ஆனால் ஒன்று தெரிந்தது. மாடுகள் நிற்கக் கூடாது.

பூமாலையிடம் போய்ச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, வண்டியில் செருகியிருந்த சாட்டையைத் தொட்டார். "ரெண்டு வெச்சா போவாங்க."

"வேணாம் மாமா. அவங்க மேல இன்னா தப்பு? தோலு குடுத்துப் பழக்கிட்டு இப்ப அடிச்சா எப்படி?"

பூமாலை சாட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவருக்கும் அது பிடிக்காத வேலைதான்.

அனிட்டா டீக்கடைப் பக்கம் பார்த்தாள். அம்மாசி வாழைப்பழத் தோலை வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாடுகளின் தலையும் வாளி போகிற பக்கமெல்லாம் திரும்பியது. வாளி இடது பக்கம் போனால் இடது பக்கம். வலது பக்கம் போனால் வலது பக்கம்.

"அம்மாசி அண்ணே, நாளைக்கு இந்த வாளிய எடுத்துக்கினு வண்டிக்கு முன்னாடி நடக்கறீங்களா? பள்ளிக்கூடம் வரைக்கும் போதும்."

"நான் நடந்தா கடைய யாரு பாக்கறது?"

"அந்த நேரத்துல பூமாலை மாமா மட்டும்தான் டீ குடிக்க வருவாரு. அவரு வண்டி மேல இருப்பாரு."

அம்மாசி கணக்குப் போட்டுப் பார்த்தார். "அதுவும் சரிதான். ஆனா அந்த ரிமோட்ட ஒரு வாட்டி என் கையில குடுக்கணும்."

வெள்ளிக்கிழமை வந்தது. முதலில் எரிமலை. அது நன்றாகவே பொங்கியது. டீச்சர் முன்னெச்சரிக்கையாகச் செருப்பைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தார்.

அடுத்து எல்லோரும் பள்ளி வாசலுக்கு வந்தார்கள். அனிட்டா தீனதயாளனைக் கூப்பிட்டாள். "நீ வண்டி மேல ஏறி, பலகை பக்கத்துல உக்காந்துக்க. கிட்டக்க இருந்து பாத்தா ஏஐன்னு சொல்ல மாட்ட."

அவன் டீக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த வண்டிக்கு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். அவனுக்குக் கரும்பு வண்டியில் ஏற இதற்கு முன் யாரும் அனுமதி கொடுத்ததில்லை.

வண்டி கிளம்பியது. முன்னால் அம்மாசி, கையில் வாளி. அவருக்குப் பின்னால் பெரியவரும் சின்னவரும். டீக்கடை வந்தது, போனது. மாடுகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆள் முன்னால் போகும்போது காலிக் கடையில் அவர்களுக்கு என்ன வேலை?

"நடங்க பெரியவரே" என்றார் பூமாலை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அம்மாசிதான் வேகமாக நடக்க வேண்டியிருந்தது. பெரியவரின் மூச்சு அவர் முதுகில் பட்டுக்கொண்டே இருந்தது.

வண்டி பள்ளியை நெருங்கியதும் அனிட்டா கூடவே நடந்தபடி ஹெலிகாப்டரைக் கிளப்பினாள். அது வண்டிக்குப் பின்னால் வந்தது. கூடவே போனது. இறக்கப் போனபோது சக்கரம் பள்ளத்தில் விழுந்து பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சட்டென்று மேலே தூக்கிவிட்டாள்.

"ஐயோ, வுட்டுட்டா" என்றது கூட்டம்.

அவள் காதில் வாங்கவில்லை. அவசரப்படக் கூடாது. ரிமோட்டில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. பேட்டரி தீரப் போகிறது. இப்போது விழுந்தால் சித்தப்பா பொய்க்காரர் ஆகிவிடுவார்.

வண்டி இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் சாய்ந்தது. நடுவில் பலகை சமமாக வந்தது.

வைத்துவிட்டாள்.

வட்டத்துக்குள்ளேயே இறங்கியது. பள்ளிக்கூடமே கத்தியது. கத்தல் அடங்குவதற்குள் வண்டி அடுத்த பள்ளத்தில் இறங்கியது. வழவழப்பான பலகையில் ஹெலிகாப்டர் சறுக்க ஆரம்பித்தது. ஓரத்துக்கே வந்துவிட்டது. கீழே வண்டிச் சக்கரம்.

அனிட்டாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் கீழே இருந்தாள்.

தீனதயாளன் குப்புற விழுந்தான். காய்ந்த கரும்புச் சோகைக்குள் முகத்தைக் கொடுத்து, ஹெலிகாப்டரின் காலை எட்டிப் பிடித்துவிட்டான்.

"கயிறு குடுங்க, கயிறு" என்று சோகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கயிறெல்லாம் கட்டியாச்சே" என்றார் பூமாலை.

தீனதயாளன் ஒரு கையால் தன் பெல்ட்டை உருவினான். ஹெலிகாப்டரைப் பலகையோடும் கரும்போடும் சேர்த்து இறுக்கிக் கட்டினான். அதற்குப் பிறகு வண்டி எவ்வளவு ஆடியும் ஹெலிகாப்டர் அசையவில்லை.

பள்ளி வாசலில் வண்டி நின்றது, ஏனென்றால் அம்மாசி நின்றார். தீனதயாளன் ஹெலிகாப்டரைப் பெல்ட்டுக்குள்ளிருந்து உருவி எடுத்து, ஒரு கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். இன்னொரு கையால் பேன்ட்டைப் பிடித்திருந்தான்.

"இதான் போவுது கள்ளக்குறிச்சிக்கு" என்றார் டீச்சர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாக்கியம் போனோடு வந்தாள். "அனிட்டா, உங்க சித்தப்பன் பேசியிருக்கான் பாரு." எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"நேத்து சிக்னல் போச்சு பாப்பா. வெச்சதும் ரெண்டு பேரு குனிஞ்சுக்கினே ஓடிப்போயி பெல்ட்டு போட்டுக் கட்டிடணும். கட்டலன்னா அடுத்த ஆட்டத்துல கடலுக்குள்ள போயிடும், ஓட்டறவரோட. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் நான். அண்ணிகிட்ட சொல்லாத, பயப்படுவாங்க."

பாக்கியம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வரட்டும் அவன், பேசிக்கறேன்" என்றாள். ஆனால் போனை முந்தானையில் துடைத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

தீனதயாளன் தலையைச் சொறிய நினைத்தான். கை காலியாக இல்லை.

"மீன் கழுவறாருன்னு சொன்னது தப்புதான்" என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "கட்டறப்ப உங்க சித்தப்பாவுக்கும் பேன்ட்டு எறங்குமா?"

"அது வேற பெல்ட்டு தீனா."

"அப்ப கள்ளக்குறிச்சில யாரு கட்டறது?"

"நீதான். வேற யாருக்குத் தெரியும்?"

அவன் முகம் மலர்ந்தது. எரிமலையை அந்த நிமிஷமே மறந்துவிட்டான்.

அம்மாசி ரிமோட்டை வாங்கி எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தார். பேட்டரி தீர்ந்திருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாளியோடு கடைப் பக்கம் திரும்பினார். பெரியவரும் சின்னவரும் வண்டியோடு திரும்பினார்கள்.

"அம்மாசி, அந்தப் பக்கம் போவாத. வண்டி மில்லுக்குப் போவணும்" என்று பூமாலை கத்தினார்.

அம்மாசி வாளியைக் கீழே வைத்தார். மாடுகள் அங்கேயே நின்றன. வாளியை எடுத்தார். மாடுகள் கிளம்பின. வேறு வழியில்லாமல் மில் இருக்கும் திசையில் நடந்தார். வண்டி அவர் பின்னால் ஆடி ஆடிப் போனது.

அது ரோட்டுத் திருப்பத்தில் மறையும்போதுதான் தீனதயாளனுக்கு ஞாபகம் வந்தது. ஹெலிகாப்டரை அனிட்டாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

"மாமா, நிறுத்துங்க. என் பெல்ட்டு கரும்போட போவுது."

"நானா நிறுத்தறேன்?" என்று கரும்புக்கு மேலிருந்து பதில் வந்தது. "அம்மாசியக் கேளு."